எவ்லின் அன்ரிக்கு ஏழாம் நாள்

ஃபாதர் வாசிச்சே போட்டார், பிரதீஸ். லைவ்ல. “எவ்லின் அவர்களின் ஆன்மா சாந்தியடைய” எண்டு. எவ்லின் அன்ரி அங்க தன்ர ஃப்ளாட்ல பிளேன்டீயும் கையுமா அதே லைவைப் பார்த்துக்கொண்டு இருக்கிறா. உயிரோட. நான் இந்தா, இதே ட்ரைபொட்டுக்குப் பின்னால வாயைப் பிளந்துகொண்டு... அந்த வயரைக் கொஞ்சம் பிடியுங்க. இழுக்காதேங்க, பிடியுங்க.

நீங்க வத்தளையில இருந்து கொட்டாஞ்சேனைக்குக் குடி வந்து ஒரு கிழமையும் இல்லத்தானே, இஞ்சத்தக் கூத்து தெரியாது. கொரோனாக்குக் கோயிலைப் பூட்டினதும் பூசை முழுக்க ஃபேஸ்புக்ல. இன்னாருக்காகச் செபியுங்க எண்டு பூசைக் கருத்துக் குடுக்க ஆக்கள் கோயில் ஒஃபிசுக்கு வரேலாது. அப்ப ஆர் முந்திக்கொண்டு ஓடினது? நான்தான். ஃபாதர், ஃபோன்ல ஒரு ஃபோர்ம் செய்து தாறன், சனம் வீட்டில இருந்தே நிரப்பட்டும் எண்டன். ஃபாதருக்கு நல்ல சந்தோசம். பேர், என்ன கருத்து, உயிரோட இருக்கிறவரா இறந்தவரா, அவ்வளவுதான். அன்ரி தன்ர முழங்கால் வருத்தம் மாற எண்டு போட்டிருக்கிறா. பேர் போய் செத்தவை பக்கம் நிக்குது.

ஃபாதருக்கும் சந்தேகம் வரேல்ல. அந்தக் கிழமை எத்தினை பேர் போனது எண்டு... சரி, அதை விடுவம். ரோட்டெல்லாம் அப்ப பூட்டு, ஆரும் போய்ப் பார்க்கவும் ஏலாது. நம்பிட்டுது சனம்.

அடுத்த நிமிசம் கொமண்ட் கொட்டுது. கனடாவில இருந்து, மட்டக்குளியில இருந்து, அழுகிற மூஞ்சி, கும்பிடுற கை... நான் உடன அன்ரிக்குக் கோல் எடுத்தன். கிழிக்கப்போறா எண்டுதான் நினைச்சன். மனிசி ரகசியம் மாதிரிக் கதைக்கிறா.

“பிள்ளை, இப்ப திருத்தாத. ஆர் ஆர் என்ன எழுதுகினம் எண்டு பார்ப்பம்.”

கேட்டீங்களா? டோஹாவில இருக்கிற மகள் நிரோஷாவுக்கு மட்டும் சொல்லிப்போட்டு, வாற கோல் எல்லாத்தையும் வெட்டிக்கொண்டு, ரெண்டு மணித்தியாலம் செத்தே இருந்தா. கொப்பி ஒண்டில பேர் பேரா எழுதினவவாம். பக்கத்து ஃப்ளாட் துஷாந்தினிக்குப் பன்னிரண்டு வருசமா நத்தார் கேக் குடுத்திருக்கிறா. அவ போட்டது ஒரு லைக். லைக், பிரதீஸ். செத்ததுக்கு.

பிறகுதான் ஹெக்டர் அங்கிள் வாறார். பாடகர் குழுவுக்குத் தலைவர். பாட நாலு பேருக்கு மேல உள்ளுக்கு விடேலாது எண்டு சட்டம் வந்த நேரம் அன்ரியை வெட்டி விட்டவர். முப்பது வருசமாப் பாடின மனிசி. அதுக்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் சீலை உடுத்து, வீட்டில ஃபோனுக்கு முன்னால நிண்டு தனியப் பாடுவாவாம். நிரோஷா சொன்னவ. எனக்கு அதைக் கேக்க ஒரு மாதிரித்தான்... அதை ஏன் கேக்கிறீங்க.

அந்த ஹெக்டர் அங்கிள் எழுதிறார், “எங்கள் ஆலயத்தின் குரல் அடங்கிவிட்டது, அந்த இடத்தை இனி எவராலும் நிரப்ப முடியாது” எண்டு. அன்ரி அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைச்சிட்டு, கீழயே ரைப் பண்ணுறா.

“நன்றி ஹெக்டர். ஞாயிறு நானே வந்து நிரப்புறன்.”

எத்தினை பேர் ஃபோனைக் கீழ போட்டினமோ தெரியாது. அங்கிள் ரெண்டு நாள் ஒன்லைன் வரேல்ல.

அது போன ஞாயிறு. அடுத்த நாள்தான் ரோட்டைத் திறந்தது. இண்டைக்குச் சரியா ஏழாம் நாள். ஏழாம் நாள் பூசையில செத்தவவே வந்து பாடுற ஒரே கோயில் எங்கடதான்.

இல்ல, ஃபோர்ம்ல பிழை இல்ல. அது... நான்தான் “இறந்தவர்” எண்டதை முதல்லயே டிக் போட்டு வைச்சனான். வாறது பத்தில எட்டு செத்தவைக்குத்தானே, சனத்துக்கு ஒருக்காத் தட்டுற வேலை மிச்சமாகட்டும் எண்டு. முழங்கால்காரர் தாங்களாப் பார்த்து மாத்தோணும். அன்ரி கண்ணாடி போடேல்ல, நான் என்ன செய்ய?

ஹெக்டர் அங்கிளும் பாவம்தான். சொன்னா நீங்க ஒருத்தருக்கும் சொல்லப்படாது. அன்ரி வேணாம் எண்டு அவருக்குச் சொன்னது நான். அன்ரி குரலை உயர்த்திப் பாடினா இந்த மைக் தாங்காது, ஃபோன்ல கேக்கிறவைக்குக் கரகரக்கும் எண்டு. லைவ் நல்லா வரோணும் எண்டுதானே பார்த்தன். அங்கிள் இவ்வளவு பேச்சு வாங்கியும் என்ர பேரைச் சொல்லேல்ல. அன்ரி என்னடா எண்டா, காலமை வட்ஸ்அப்ல எனக்கு ரோசாப்பூப் போட்டிருக்கிறா. தன்னைச் சாகடிச்சதுக்கு நன்றியாம்.

அந்தா, கேற்றடியில. நீலச் சீலை. பாருங்க நடையை, முழங்கால் வருத்தமாம்.

பிரதீஸ், மைக்கை அங்கால தள்ளுங்க. இன்னும்... இல்ல, வேணாம். கிட்டக் கொண்டு வாங்க. நல்லாக் கிட்ட. கரகரக்கட்டும்.

பூசை முடிய அன்ரிட்ட நானே சொல்லுறன். நீங்களும் பக்கத்தில நில்லுங்க, என்ன? உங்கட வத்தளைக் கோயில்லயும் இப்பிடி லைவ்ல ஆரையாவது சாகடிச்சிருப்பீங்கள்தானே? ஒராளையாவது?

பிரதீஸ்? வயரை விட்டிட்டு எங்க போறீங்க?