மணப்பெண்ணின் தந்தை பேசியே ஆக வேண்டும்

கரண்டியால் கோப்பையைத் தட்டித் தட்டியே இந்தக் கூட்டத்தை அடக்கி வைத்திருக்கும் விருந்துத் தலைவர், எங்கள் பாதிரியார் ஐயா அவர்களே! தொப்பிகளால் மேடையை மறைத்துக்கொண்டு முன்வரிசையில் வீற்றிருக்கும் தாய்மார்களே! ஆல்டர்பிரிட்ஜ் சந்தையின் கறிக்கடை, காய்கறிக்கடைப் பெரியோர்களே! தெற்கிலிருந்து ரயிலேறி வந்திருக்கும் மாப்பிள்ளை வீட்டுச் சான்றோர்களே! மணமகன் ரூபர்ட் அவர்களே! எங்கள் செல்வமே, மணமகள் டில்லியே! சந்தையில் பாலாடைக்கட்டி விற்கும் பெரிலின் வணக்கத்தை அனைவரும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இந்த நேரத்தில் இங்கே நிற்க வேண்டியவள் நானா? இல்லவே இல்லை. நம் வழக்கப்படி விருந்தில் முதலில் எழுந்து பேச வேண்டியவர் பெண்ணைப் பெற்றவர். அவர் எங்கே? அதோ, தட்டில் கிடக்கும் பட்டாணியை முள்கரண்டியால் உருட்டிக்கொண்டிருக்கிறார், என் பக்கத்துக் கடைக்காரர், மீன்கடை வில்ஃப் ஹாவொர்த். பேச மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். யார் சொல்லியும் கேட்கவில்லை. ஏன் இந்தக் கோபம்? யார் மேல் இந்தக் கோபம்? சொல்கிறேன்.

பெரிதாக எதிர்பார்த்த காரியம் புஸ்ஸென்று போய்விட்டால் நாம் என்ன சொல்வோம்? நமத்துப்போன வெடி, ‘ஸ்க்விப்’ என்போம். வில்ஃப் என்ன சொல்வார்? ‘ஸ்க்விட்’, அதாவது நனைந்துபோன கணவாய் என்பார். மீன்காரர் வாயில் வேறென்ன வரும்? ஆவலோடு மூச்சை அடக்கிக் காத்திருங்கள் என்று எழுத வேண்டிய பலகையில், மூச்சில் தூண்டில் புழுவை மாட்டிக் காத்திருங்கள் என்று எழுதி வைப்பார். ஒரே ஓர் எழுத்து கூடிப்போனதில் மூச்சில் புழு! அதைப் படித்துவிட்டும் வரிசையில் நின்று மீன் வாங்கினோமே, நம் பசியை என்னவென்று சொல்வது!

அவரை யாராவது திருத்தினோமா? எப்படித் திருத்துவோம்? நாம் யார்? நம் காலை ஒருவன் மிதித்தால் அவனிடம் நாம் மன்னிப்புக் கேட்கிறவர்கள். முடிதிருத்துபவர் தலையைக் குதறி வைத்தாலும், “ரொம்ப நல்லா இருக்குங்க” என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து அழுகிறவர்கள். அப்படிப்பட்ட நாம், ஒரு நல்ல மனிதரின் முகத்துக்கு நேரே குற்றம் சொல்வோமா? அவர் சங்கடப்படக் கூடாதே என்று நாமும் நனைந்த கணவாய் என்றே பேச ஆரம்பித்தோம். கறிக்கடைக்காரர் சொன்னார், மேயர் சொன்னார், ஊரே சொன்னது. இதோ நம் பாதிரியார் ஐயா, சீடர்கள் மூச்சில் புழு மாட்டிக் காத்திருந்தார்கள் என்று ஈஸ்டர் அன்றைக்கே பிரசங்கம் செய்தார். ஐயா, தலையை ஆட்டாதீர்கள், கோயில் நிறைய சாட்சி இருக்கிறது! நல்ல வேளை, சீடர்களும் மீனவர்கள். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இப்படி இருந்த ஊருக்குள், நிச்சயதார்த்தத் தேநீருக்கு வந்தார் மாப்பிள்ளையின் தகப்பனார் லயனல் பெம்பர்ட்டன். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். வில்ஃப் ஏதோ சொல்ல, கணவாய் வந்து விழுந்தது. லயனல் கேக்கை மென்றுகொண்டே, “அது கணவாய் இல்லைங்க, வெடி” என்றார். அவ்வளவுதான்.

வில்ஃப் அவர்மேல் கோபப்படவில்லை. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். “பெரில், உனக்கு இது தெரியுமா?”

“தெரியும் வில்ஃப்.”

“சந்தையில எல்லாருக்கும்?”

“எல்லாருக்கும்தான்.”

“அப்ப இத்தனை வருஷமா என்னைய வெச்சு வேடிக்கை பாத்திருக்கீங்க. இனி நாலு பேர் முன்னாடி நான் வாயத் திறந்தா கேளு.”

அன்று மூடிய வாய்! மீனின் விலையைக்கூட விரலால் காட்டுகிறார். யார் அங்கே கதவோரம் சிரிப்பது? சிரியுங்கள் கிளைவ், அவர் காட்டிய விரலைத் தப்பாகப் புரிந்துகொண்டு சண்டைக்குப் போனவர் நீங்கள்தானே!

வில்ஃப், இப்போது உங்களிடம் பேசுகிறேன். முதல் வருடம் சிரித்தோம், உண்மைதான். அப்புறம் மறந்தே போனோம். ஆறு கரையை உடைத்துக்கொண்டு சந்தைக்குள் வந்த காலையை நான் மறப்பேனா? அவரவர் சரக்கை அவரவர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். என் பாலாடைக்கட்டிகளெல்லாம் தண்ணீரில் மிதந்தன. நீங்கள் உங்கள் மீனை ஆற்றுக்கே விட்டுவிட்டு, என் சரக்கை உங்கள் உயரமான பளிங்குமேடையில் அடுக்கினீர்கள். அடுக்கிக்கொண்டே என்ன சொன்னீர்கள்? “என்ன பண்றது பெரில், இது நாய்க்குட்டி உலகம்!”

நாயை நாய் தின்னும் உலகம் என்பதுதான் சரியான வழக்கு. லயனல் ஐயாவைக் கேளுங்கள், அவரும் அதையே சொல்வார். ஆனால் இடுப்பளவுத் தண்ணீரில் அடுத்தவள் சரக்கைச் சுமக்கிற மனிதரிடம் நான் திருத்தம் சொல்வேனா? சொல்ல மாட்டேன்! அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்ல மாட்டேன், என்றும் சொல்ல மாட்டேன்! அது மரியாதையா, கோழைத்தனமா என்று எனக்குத் தெரியாது. உங்கள் மேல் எங்களுக்கு உயிர், அது மட்டும் தெரியும்.

இன்று காலை கோயில் வாசலில் லயனல் என் கையைப் பிடித்துக்கொண்டார். “வாத்தியார் வாய்ங்க, சும்மா இருக்கத் தெரியல. அவர் பேசலைன்னா நானும் பேச மாட்டேன்” என்றார். அப்பாவே பேசாவிட்டால் போகட்டும், விடு என்று டில்லியிடம் சொல்லிப் பார்த்தேன். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்ன சொன்னாள் தெரியுமா? “விட மாட்டேன் பெரில் அத்தை. நான் பேசக் கத்துக்கிட்டதே அவர்கிட்டதான். எல்லாம் தப்பாவே இருக்கட்டும். எனக்கு எங்கப்பா பேசணும்.”

கேட்டீர்களா வில்ஃப்? உலகத்தில் சரியாகப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இந்தப் பெண்ணுக்கு அப்பாவாகப் பேச இன்னொருவர் உண்டா? உண்டா?

அதோ! முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். எழுந்துவிட்டார்! கைதட்டாதீர்கள், தாய்மார்களே, மிரண்டு உட்கார்ந்துவிடப் போகிறார்! போகிற போக்கில் லயனலின் தோளில் கைவைத்து ஏதோ சொல்கிறார். சத்தமாகச் சொல்லுங்கள் வில்ஃப், கடைசி வரிசைக்கும் கேட்கட்டும்!

“தப்பு வந்தா சொல்லுங்க சம்பந்தி. ஆனா நான் பேசி முடிச்சு உக்காந்த அப்புறம் சொல்லுங்க.”

பெரியோர்களே, தாய்மார்களே, இவ்வளவு நேரம் பொறுத்திருந்த உங்களுக்கு நன்றி, மணமக்களுக்கு வாழ்த்து, எல்லோருக்கும் வணக்கம். ஒலிபெருக்கியைப் பெண்ணின் தகப்பனிடம் கொடுத்துவிட்டு உட்காருகிறேன்.