ஒற்றை எழுத்துப் பாட்டு

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சாயங்காலம், அரியமங்கலத்திலிருந்து பாலக்கரை போகிற பஸ். முன் சீட்டில் கிட்டாரை மடியில் வைத்திருந்த இளைஞனிடம், சாப்பாட்டுத் தூக்கோடு நின்ற ஓர் அம்மாள் சொன்னார்:

“தம்பி, உங்க பாட்டாலதான் எங்க பட்டறைக்குக் கக்கூஸ் வந்துச்சு. நல்லா இருங்க.”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

“எந்தப் பாட்டு, அக்கா?”

“மாதா கோயில் ஹால்ல கத்திக் கத்திப் பழகுவீங்களே, ‘நோ நோ’ன்னு. தினம் அந்த வழியாத்தான் வீட்டுக்குப் போறேன்.”

“ஐயோ, அது பழைய அமெரிக்கப் பாட்டு, அக்கா. வியட்நாம் சண்டைக்குப் போக மாட்டோம்னு பாடினது.”

“இருக்கட்டும். கக்கூஸ் இல்லாம, பொம்பளைங்க பன்னெண்டு பேரும் பகல் பூரா தண்ணியே குடிக்காம வேலை பாத்தோம். ஒருநாள் முதலாளி ஓவர்டைமும் பாக்கச் சொன்னாரு. உங்க ராகத்துலயே ‘நோ நோ’ன்னேன். எல்லாரும் சேந்துக்கிட்டாங்க. மூணு நாள் அதே பாட்டுதான். நாலாம் நாள் கக்கூஸ் கட்டக் கொத்தனார் வந்துட்டாரு.”

இளைஞன் வெட்கத்தோடு சிரித்தான். “நோவுக்கு அப்புறமும் பாட்டு இருக்குக்கா. ஏன் போக மாட்டோம்னு காரணமெல்லாம் வரும்.”

“காரணம் எங்ககிட்டயே நிறைய இருந்துச்சு தம்பி. அந்த ‘நோ’ மட்டும்தான் இல்லாம இருந்துச்சு.”