இருமல் வரும் இடம்

— இருமலே இல்லைங்கிறேன், நீ என்னடான்னா மருந்துப் பாட்டிலோட வந்து நிக்கிறே. உள்ள வா லூர்து. குடைய அந்தச் செவத்துல சாத்து. பிள்ளைங்க டெஸ்க்குதான், கொஞ்சம் ஒடுங்கி உக்காரு.

— நீங்கதானே டீச்சர் நோட்டுல எழுதி விட்டிருந்தீங்க? 'பிரகாசி ஜெபத்தில் இருமுகிறாள், உடனே நேரில் வரவும்'னு. உறையூர்ல பஸ் ஏறுறதுக்கு முன்னாடி மருந்துக் கடையில கேட்டேன். எட்டு வயசுப் பிள்ளைக்குன்னா இதுதான்னு குடுத்தாங்க.

— சேசுவே! நான் எழுதின லட்சணம் அப்படி. இந்தா பாரு, சொல்றதக் கேட்டுட்டுச் சிரிக்கக் கூடாது. உம் பொண்ணு ஓடும்போது இருமறதில்லை, பாடம் படிக்கும்போது இருமறதில்லை. காலையில பரலோக மந்திரம் சொல்லும்போது மட்டும், 'அனுதின உணவு' முடிஞ்ச உடனே கொக் கொக்குன்னு ரெண்டு இருமல். அப்புறம் நேரா 'சோதனை'க்குத் தாவிடறா. நடுவுல ஒரு வரியே காணோம்.

— மழை நாளு டீச்சர். சளி கட்டியிருக்கும்.

— ஜூன் மாசத்துலேருந்தா சளி? நானும் அப்படித்தான் ஏமாந்தேன். மூணு மாசமா பனங்கற்கண்டு குடுத்துக்கிட்டிருந்தேன் உம் பொண்ணுக்கு, நல்லா தின்னுக்கிட்டிருந்தா. குரல் கணீர்னு இருக்கேன்னு நான்தான் அவளை முன்னாடி நிறுத்தி மந்திரம் சொல்ல வச்சேன். இப்ப என்ன ஆச்சு தெரியுமா? என் கிளாஸ்ல நாப்பத்தி ரெண்டு பிள்ளைங்க. நாப்பத்தி ரெண்டும் அந்த இடத்துல இருமுது.

— அய்யோ.

— அய்யோவா? நேத்து பெரிய சிஸ்டர் வாசல்ல வந்து நிக்கிறாங்க, கிளாஸ் முழுக்க சேர்ந்து கொக் கொக்! 'என்ன பேட்ரிசியா டீச்சர், உங்க கிளாஸுக்கே கக்குவான் வந்துடுச்சா'ன்னு கேக்குறாங்க. எனக்குத் தரைக்குள்ள போயிடலாமான்னு இருந்துச்சு. ஸ்ரீரங்கத்துலேருந்து வர்ற கோதைகூட இருமறா. அவங்க அப்பா ஸ்ரீரங்கராஜன் வந்து, 'டீச்சர், ஆத்துல பெருமாள் சேவிக்கறச்சயும் குழந்தை நடுவுல ரெண்டு தரம் இருமறா. இது உங்க சம்பிரதாயமோ?'ன்னு அவ்வளவு மரியாதையா கேக்கறார். என்னன்னு சொல்றது அவருகிட்ட?

— நான் வீட்டுல கண்டிச்சு வைக்கிறேன் டீச்சர். வரட்டுங்களா? மழை விட்ட மாதிரி இருக்கு.

— எங்க விட்டுச்சு? கொட்டுது. உக்காரு. சிரிக்கிறதுக்கு உன்னை இவ்வளவு தூரம் கூப்பிடலை. டிசம்பர் எட்டு இவங்களுக்குப் புதுநன்மை, முதமுதல்ல நற்கருணை வாங்கப் போறாங்க. வர்ற சனிக்கிழமை பங்குச் சாமியார் ஒவ்வொரு பிள்ளையா தனியாக் கூப்பிட்டு மந்திரம் கேப்பார். பரலோக மந்திரம் முழுசா வரலைன்னா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு நிறுத்திடுவார். போன வருஷம் ஒரு பையனை நிறுத்தினார். அவங்க அப்பா வந்து கெஞ்சிப் பாத்தார், சாமியார் அசையலை.

— நிறுத்திடுவாரா?

— நிறுத்திடுவார்.

— கலீல் பாய்கிட்ட வெள்ளைக் கவுன் தைக்கக் குடுத்தாச்சுங்களே. கைக்கும் கழுத்துக்கும் லேஸ் வச்சு… இவங்க அப்பா மண்ணச்சநல்லூர் போயி தங்கச்சி வீட்டுக்கெல்லாம் சொல்லிட்டு வந்துட்டாரு. பிரகாசி அந்தத் தலைக் கிரீடத்தை எடுத்து எடுத்து வச்சுப் பாத்துக்கிட்டே கெடக்கு. மத்த பிள்ளைங்க எல்லாம் மெழுகுவத்தி புடிச்சுக்கிட்டுப் போகும்போது இது மட்டும் பெஞ்சுல உக்காந்திருக்கணுமா?

— அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன்.

— சாமியார் கேக்கும்போது நீங்க பக்கத்துல நின்னு எடுத்துக் குடுத்துட முடியாதுங்களா?

— நல்லா இருக்கே! பிட் அடிக்கச் சொல்றியா? சாமியாருக்குப் பாதி காது கேக்காதுன்னு நெனப்பா? பிரகாசி! ஏய் பிரகாசி! வராண்டாவுல என்னடி பண்றே? இங்க வா.

— வந்துட்டேன் மிஸ்! கப்பல் விட்டோம் மிஸ். நெசமா என் கப்பல்தான் ஃபர்ஸ்ட்டு. எப்பம்மா வந்தே? இது யாருக்கும்மா மருந்து?

— அம்மாகிட்ட அப்புறம் பேசு. பரலோக மந்திரத்துல 'அனுதின உணவு'க்கு அப்புறம் என்ன வரும்?

— இருமல் வரும் மிஸ்.

— அது மந்திரமாடி?

— ஆமா மிஸ். ரெண்டு தடவை. கையை வாயில வச்சு மெதுவா இருமணும். அப்புறம்தான் 'சோதனை'.

— புஸ்தகத்துல அந்த இடத்துல ஒரு வரி போட்டிருக்கே, பாக்கலியா நீ?

— பாத்தேன் மிஸ். அது பரீட்சைக்கு. இது ஜெபத்துக்கு.

— யாருடி உனக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தது?

— யாரும் சொல்லிக் குடுக்கல மிஸ். அம்மா சொல்ற மாதிரியே சொல்றேன். தெனம் ஜெபமாலை சொல்லும்போது அம்மா அங்க இருமுவாங்க, நானும் இருமுவேன். ஒரு ஜெபமாலைக்கு ஆறு தடவை வரும், நான் எண்ணியிருக்கேன்.

— உங்க அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரா?

— அப்பா ஷிப்ட் முடிஞ்சு வர்றதுக்குள்ள நாங்க சொல்லி முடிச்சிடுவோம் மிஸ்.

— கோயில்ல பூசையில அத்தனை பேரும் சொல்றாங்களே, அது காதுல விழலியா?

— விழும் மிஸ். மத்தவங்க அங்க என்னமோ நீளமா முணுமுணுப்பாங்க. நாங்க இருமுவோம். அவங்க வீட்டு மந்திரம் வேற போலன்னு நெனச்சேன். தப்பா மிஸ்?

— உன் தப்பு இல்லடா கண்ணு. போ, போயி கப்பல் விடு. நனையாம விளையாடு.

— சரி மிஸ்! அம்மா, அந்த மருந்து இனிக்குமா?

— போடி அந்தாண்ட.

— லூர்து.

— ம்.

— எத்தனை வருஷமா?

— அவ பொறந்ததிலேருந்துங்க. முதல்ல அந்த எடத்துல வாயை மூடிக்கிட்டிருந்தேன். அவளுக்குப் பேச்சு வந்ததும், 'ஏம்மா நிறுத்திட்டே'ன்னு கேட்டுச்சு. என்ன சொல்றதுன்னு தெரியாம அன்னிக்கு இருமினேன். அதையே புடிச்சுக்கும்னு கண்டேனா?

— எதை வேணும்னாலும் விட்டிருக்கலாம். போயும் போயும் அந்த வரியையா விடுவே?

— எங்களுக்குத் தீமை செஞ்சவங்களை நாங்க பொறுத்துக்கிட்ட மாதிரி நீயும் எங்களைப் பொறுத்துக்கோன்னு ஆண்டவர்கிட்ட கேக்குறோம். பொறுக்காம உள்ள வச்சுக்கிட்டு அதை எப்படிங்க சொல்றது? அவர் பாட்டுக்கு, சரி லூர்துராணி, நீ பொறுத்த அளவுக்கே நானும் பொறுக்கிறேன்னுட்டார்னா, என் கதி என்னங்க ஆவறது?

— எழுபத்தி நாலு விஷயம்தானே?

— வேற என்ன இருக்கு எனக்கு.

— அது முடிஞ்ச கதை லூர்து. ரயில்வே ஸ்டிரைக் முடிஞ்சு எட்டு வருஷம் ஓடிப்போச்சு. உன் புருஷன் அடைக்கலராஜுக்கு வேலை திரும்பக் கெடச்சே அஞ்சு வருஷம் ஆகுது. அவரே மறந்திருப்பார்.

— அவரு அப்பவே மறந்துட்டாரு. ஜெயில்லேருந்து வந்து மூணு வருஷம் வேலையில்லாம, மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்லுல மூட்டை தூக்கினாரு. தோள்ல தோல் உரிஞ்சு தொங்கும். விளக்கெண்ணெய் தடவி விட்டுக்கிட்டே நான் அழுவேன். 'நான் ஒளிஞ்சிருந்த எடத்தை எவனோ பயந்துபோயி சொல்லிட்டான், விடு புள்ள'ம்பாரு. அவருக்கு மனசு அப்படி. எனக்குக் குடுத்து வைக்கல.

— யூனியன் ஆளுங்க அத்தனை பேரையும்தான் அன்னிக்குப் புடிச்சாங்க. இவரு மட்டும் தப்பியிருப்பாரா?

— தப்பியிருப்பாரு டீச்சர். உறையூர்ல நெசவுக்காரர் சின்னையன் வீட்டுத் தறிக்குழிக்குள்ள இருந்தாரு. நெய்யறவங்க காலைத் தொங்கப் போடற குழி, மேல தறி, மேல பாவு. யாரு குனிஞ்சு பாக்கப் போறா? அந்தத் தெருவுல இருபது தறி ஓடுது. போலீஸ் வந்துச்சு பாருங்க, வேற ஒரு வீட்டுக் கதவையும் தட்டல. நேரா சின்னையன் வீடு, நேரா தறிக்குழி. எனக்கு அன்னிக்கு நெறை மாசம். பிள்ளை மொகத்தை அவரு பாக்குறதுக்கு இருபது நாள் ஆச்சு.

— எனக்குத் தெரியாதா? பொன்மலை குவார்ட்டர்ஸ்ல உன் அடுப்பும் என் அடுப்பும் ஒரே செவத்துக்கு ரெண்டு பக்கம். உனக்கு வலி எடுத்ததும் குதிரை வண்டி புடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது நான்தானே? பிரகாசிய முதல்ல கையில வாங்கினவ நான். ஆனா ஞானஸ்நானத்துக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பல நீ. ஞானத்தாயா நிக்கணும்னு புதுச்சேலை எடுத்து வச்சுக்கிட்டுக் காத்திருந்தேன். வீட்டைக் காலி பண்ணிக்கிட்டுப் போனவ போனவதான். இந்த ஜூன்ல பிள்ளையோட வந்து நிக்கிறே, அக்கா அக்கான்னு இருந்தவ 'டீச்சர்'ங்கிறே.

— ஸ்கூல்ல டீச்சர்தானேங்க.

— சரி, அது போகட்டும். யாரோ செஞ்ச தப்புக்கு இந்தப் பிள்ளை என்ன பண்ணும்? அந்த ஆள் யாருன்னுகூட உனக்குத் தெரியாது. முகம் தெரியாத ஆளைப் பொறுத்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்றதுல உனக்கு என்ன கொறைஞ்சு போகும்?

— முகம் தெரியாட்டி சுலபம் டீச்சர்.

— என்ன சொல்றே?

— ஒண்ணுமில்லைங்க. நேரமாச்சு. பிள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன்.

— நில்லு. போகாதே லூர்து. இரு, கதவைச் சாத்திட்டு வரேன். உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சாமியார்கிட்ட இதை எத்தனை தடவை பாவசங்கீர்த்தனம் பண்ணியிருப்பேன்! வருஷா வருஷம் பெரிய வெள்ளிக்கு முன்னாடி போயி நிப்பேன். 'மன்னிப்புக் கெடச்சாச்சும்மா, திரும்பத் திரும்ப ஏன் கொண்டு வர்றே'ன்னு அவரே சலிச்சுக்கிட்டார். சொல்ல வேண்டியவகிட்ட சொல்லலியே, அப்புறம் எப்படி அது தீரும்?

— மெதுவா பேசுங்க. பிள்ளை வெளியில நிக்குது.

— அன்னிக்குக் காலையில எங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போயிட்டாங்க. எனக்கு இடுப்புல ஒண்ணு, முந்தானையப் புடிச்சுக்கிட்டு ஒண்ணு. ஒரு ஏட்டு வந்து, 'அடைக்கலராஜ் இருக்கிற எடத்தைச் சொல்லு, உன் புருஷன் சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுவான்'னான். நான் சொல்லிட்டேன் லூர்து. சின்னையன் வீடுன்னேன். தறிக்குழின்னேன். இந்த வாயாலதான் சொன்னேன். இன்னைக்கு வரைக்கும் எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது. தெரியாம உங்க வீட்டுக்காரரோட ஒண்ணா உக்காந்து டீ குடிச்சுட்டு வர்றார். அடிக்கணும்னா அடிச்சுடு. கத்தணும்னா கத்து. பேசாம மட்டும் இருக்காதே.

— கண்ணைத் தொடைங்க. யாராச்சும் வந்துடப் போறாங்க. எனக்குத் தெரியும்.

— தெரியுமா? யாரு சொன்னா?

— யாரு சொல்லணும்? எனக்கு வலி வந்தா அவருக்குத் தகவல் சொல்ல ஒரு ஆள் வேணுமேன்னு, அந்த எடத்தை நான் உங்ககிட்ட ஒருத்திகிட்டதானே சொல்லி வச்சேன்? அன்னிக்கு சாயங்காலம் உங்க வீட்டுக்காரர் அற்புதசாமி அண்ணன் கைய வீசிக்கிட்டுத் தெருவுல நடந்து வந்தாரு. அப்பவே விளங்கிடுச்சு.

— அதுக்கப்புறம்தானே உனக்கு வலி வந்துச்சு! வண்டியில என் கையைப் புடிச்சுக்கிட்டுத்தானே வந்தே?

— தெரிஞ்சேதான் புடிச்சேன். வேற கை ஏது எனக்கு? நீங்களும் விடலையே. நான் நெரிச்ச நெரியில உங்க கண்ணாடி வளையல் உடைஞ்சு ரத்தம் வந்துச்சு, அப்பவும் நீங்க கையை உருவிக்கல. அதுதாங்க என்னால தாங்க முடியல. நீங்க கெட்டவளா மட்டும் இருந்திருந்தா எப்பவோ காறித் துப்பிட்டு மறந்து தொலைச்சிருப்பேன்.

— உன் கால்ல விழுந்து கேக்கறேன் லூர்து…

— எந்திரிங்க. கேக்காதீங்க. நீங்க கேட்டா நான் மரியாதைக்குச் சரின்னுடுவேன். அது சரியில்லை.

— அப்போ எதுக்கு இந்தப் பிள்ளைய என்கிட்ட விட்டு வச்சிருக்கே? தெனம் காலையில என் முகத்துல முழிக்குது, மிஸ் மிஸ்னு என் சேலையப் புடிச்சுக்கிட்டே சுத்துது. மூணாம் கிளாஸ்ல ரெண்டு செக்‌ஷன் இருக்கே. ஜூன்லயே சிஸ்டர்கிட்ட சொல்லி வேற செக்‌ஷனுக்கு மாத்தியிருக்கக் கூடாதா?

— சிஸ்டர் அவளை வேற செக்‌ஷன்லதாங்க போட்டாங்க. ரெண்டு தடவை நடையா நடந்து, பேட்ரிசியா டீச்சர் கிளாஸ்தான் வேணும்னு கேட்டு வாங்கினது நான். அந்த வரிய அவளுக்கு என்னால சொல்லிக் குடுக்க முடியல. நீங்க சொல்லிக் குடுத்து அவ வாயால கேட்டாலாவது எனக்கு அது வந்துடாதான்னுதான்.