ஐம்பத்தெட்டாவது தட்டு

கிராமபோன் ஊசியை இசைத்தட்டின் ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் மாற்றிவிட வேண்டும் சார். மழுங்கிய ஊசி தட்டைச் சுரண்டிவிடும். இதை வேலுமணிக்கு இரண்டு வருடமாகச் சொன்னேன்.

சேலத்தில் சூசைமாணிக்கம் என்று கேட்டால், ஒரு அமெரிக்க ஜாஸ் பாடகியின் இசைத்தட்டுகளைச் சேர்க்கிற பைத்தியம் என்று என்னைக் காட்டுவார்கள். வாயில் நுழையாத பெயர், நீங்கள் எழுதச் சிரமப்பட வேண்டாம். அவர் பாடி வெளிவந்தவை ஐம்பத்தெட்டுத் தட்டுகள். முப்பத்தொரு வருடம் அலைந்து ஐம்பத்தேழு சேர்த்துவிட்டேன். மிச்சமிருந்த ஒன்று, ஏற்காட்டு பங்களா ஒன்றின் பழைய சாமான்களோடு, நாமக்கல் பக்கம் வேலுமணியின் கோழிப்பண்ணைக்குப் போய்விட்டது. நாய் பெற்ற தெங்கம்பழம் என்பார்களே, தானும் தின்னாது, பிறருக்கும் விடாது, அதுதான்.

அவர் அதைக் கோழிகளுக்குப் போட்டார். தினமும் காலையில், ஷெட்டுக்குள், அதே ஊசியில். நான் வாங்கிக் கொடுத்த புது ஊசி டப்பா பிரிக்காமலே கிடந்தது. பாட்டைப் போனில் பதிந்து தருகிறேன், தட்டைக் கொடுங்கள் என்று கெஞ்சினேன்.

"ஏனுங்க, பெட்டி நெறைய பிளேட்டு கெடக்குது, வேற எதையாச்சும் எடுத்துக்கங்க. இந்தம்மா பாடுனாத்தான் கோழி மெரளாம முட்டை போடுதுங்க" என்றார்.

நல்ல மனிதர்தான். போகும்போதெல்லாம் மோர் கொடுப்பார். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தக் குரல் இன்னும் கொஞ்சம் தேய்ந்திருக்கும். பஸ்ஸில் திரும்பும்போது எரிச்சலில் எனக்கு அழுகையே வரும்.

போன செவ்வாய்க்கிழமை நான் போனபோது வேலையாட்கள் லாரியில் முட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஷெட்டுக்குள் தட்டு ஓடிக்கொண்டிருந்தது. வேலுமணி மார்பைப் பிடித்துக்கொண்டு தீவன மூட்டைமேல் சாய்ந்திருந்தார். வியர்வை கொட்டியது.

"சட்டப் பையில மாத்தரை இருக்குதுங்க. நாக்குக்கு அடியில வெக்கோணும். எடுத்துக் குடுங்க சாமி."

சட்டை கிராமபோனுக்கு மேலே ஆணியில் தொங்கியது. கை எட்டும் தூரம். நான் முதலில் ஊசியைத் தூக்கினேன். அருமை தெரிந்த எவரும் அதைத்தான் செய்வார்கள். பிறகு சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, "பிளேட்ட நான் எடுத்துக்கட்டுங்களா?" என்று மரியாதையாகவே கேட்டேன். தலையாட்டினார்.

எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்காமல் எப்படி வாங்குவது? பக்கத்துக்கு ஒரு புது ஊசி போட்டு இரண்டு பக்கமும் கேட்டேன். ஆறு நிமிடம் இருபது விநாடி. நடுவில் இரண்டு தடவை அவர் கூப்பிட்டார். அந்தச் சத்தம் இல்லாமலிருந்தால் இரண்டாம் பக்கம் இன்னும் தெளிவாகக் கேட்டிருக்கும். முடிந்ததும் மாத்திரையோடு அவரிடம் போனேன். அவர் வாய் திறக்கவில்லை.

மாத்திரையைக் கொடுக்காமல் அவரைச் சாகவிட்டது நான்தான், அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கீழே திருட்டு என்று ஒன்று போட்டிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள் சார். தட்டை அவர் மனசாரக் கொடுத்தார்.