பக்கத்து இருக்கையின் பதினோரு கிலோ

இந்த இரங்கல் அவைக்குத் தலைமையேற்றிருக்கும் எங்கள் மோட்டார் மன்றத் தலைவர், ஓய்வுபெற்ற வாகன ஆய்வாளர் கௌரிசங்கர் அண்ணாச்சி அவர்களே! மேடையில் இருக்கும் மன்றத்துத் தோழர்களே! உள்ளே இடம் போதாமல் வாசலில் சாரலில் நனைந்தபடி நிற்கும் மேலகரத்துப் பெரியோர்களே! தென்காசியிலிருந்து சீருடையோடு வந்திருக்கும் காவல்துறை நண்பர்களே! முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் தளவாய் அண்ணாச்சியின் துணைவியார், என் மதினி ஆனந்தவள்ளி அவர்களே! எல்லோருக்கும் வணக்கம். மதினிக்கு மட்டும் வணக்கம் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்த ஒலிபெருக்கிக்கு முன்னால் வந்து நிற்கிறேன்.

என் பெயர் நம்பிராஜன். வாசுதேவநல்லூரில் எலுமிச்சை மண்டி வைத்திருக்கிறேன். மன்றத்துக்கு நான்தான் செயலாளர். நேற்றுப் பகல் முழுக்க உட்கார்ந்து ஓர் உரை எழுதினேன். அதில் 'ஈடுசெய்ய முடியாத இழப்பு' என்று மூன்று இடத்தில் வந்திருந்தது. வாசித்துப் பார்த்தேன், எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். அது அங்கேயே கிடக்கட்டும்.

ஏட்டு தளவாய்! இருபத்தேழு ஆண்டுகள் ஆயுதப்படை வேன் ஓட்டிய தளவாய்! செங்கோட்டைக்கு மேலே மலைப்பாதையில், முப்பது பேரையும் அவர்கள் மூட்டை முடிச்சையும் ஏற்றிக்கொண்டு, ஒருவர் தலையிலும் ஒரு கீறல் விழாமல் கொண்டுபோய்ச் சேர்த்த தளவாய்! நாங்கள் விழா எடுத்து 'எடையறிந்த ஏந்தல்' என்று பட்டம் கொடுத்தோமே, அந்தத் தளவாய்! அன்றைக்குக் கொடுத்த கேடயத்தைக் கையில் வாங்கியவுடன் அவர் என்ன சொன்னார் தெரியுமா? தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏலே, இதுவே ரெண்டு கிலோ இருக்கும் போலயே!" என்றார். அரங்கமே சிரித்தது. அந்தச் சிரிப்பை இனி நான் எங்கே போய்க் கேட்பேன்?

காவல்துறை நண்பர்களுக்கு எங்கள் மன்றம் என்ன செய்கிறது என்று தெரிந்திருக்காது. சுருக்கமாகச் சொல்கிறேன். கோயம்புத்தூர்ப் பக்கம் பந்தயக் கார் ஓடும் தளம் ஒன்று இருக்கிறது. சில நாட்களில் அதை எங்களைப் போன்றவர்களுக்கும் திறந்துவிடுவார்கள். பந்தயம் கிடையாது, பரிசு கிடையாது. நம் வண்டியைக் கொண்டுபோய், நம் தைரியத்துக்கு ஏற்ற வேகத்தில் ஓட்டிவிட்டு வரலாம். ஆளுக்கொரு கார் வாங்க எங்களுக்கு வழியில்லை. எட்டுப் பேர் சேர்ந்து ஒரு கார் வாங்குவது, முறை வைத்து ஓட்டுவது என்று முடிவு செய்தோம். எந்தக் கார்? அதில்தான் எல்லாமே ஆரம்பித்தது.

நாங்கள் ஏழு பேரும் எஞ்சின் சக்தியைத்தான் கேட்டோம். எத்தனை குதிரைத்திறன், நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை நொடியில் தொடும், இதே பேச்சு. தளவாய் அண்ணாச்சி ஒருவர்தான், "வண்டி எத்தனை கிலோ?" என்று கேட்டார். ஒரு பெரிய காரைப் பார்க்கப் போனோம். பளபளவென்று இருந்தது. எனக்கு வாயில் எச்சில் ஊறியது. அண்ணாச்சி அதைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தார்.

"சுமை ஏத்துன வண்டியோட திமிரு எனக்குத் தெரியும்லே. நாம திருப்புனா அது திரும்பாது. அதுக்குத் தோணுனாத்தான் திரும்பும். பிரேக்கை மிதிச்சா ரெண்டு ரவுண்டு கேக்கும், மூணாவது ரவுண்டுல கைய விரிச்சிரும். டயரத் தின்னுட்டு ஏப்பம் விடும். எடை கம்மியான வண்டி அப்படி இல்ல. சின்ன எஞ்சினா இருந்தாலும் நாம சொன்ன இடத்துல திரும்பும், சொன்ன இடத்துல நிக்கும். நம்ம கை தப்பு செஞ்சா உடனே சொல்லிக் குடுக்கும்."

அன்றைக்கே நாங்கள் எல்லோரும் அவர் கட்சிக்கு மாறிவிட்டோம். மாறியதோடு நின்றோமா? வெறி பிடித்தது! குறிப்பாக எனக்குப் பிடித்தது. நட்டு, போல்ட்டு, தரைவிரிப்பு, ரேடியோ என்று எதைப் பார்த்தாலும் என் மண்டித் தராசில் ஏற்றினேன். அப்போது மன்றத்தில் இருந்த பழைய காரின் பித்தளைப் பிள்ளையாரைக் கூடக் கழற்றினேன். அண்ணாச்சிதான் அந்த இடத்தில் காகிதப் பிள்ளையாரை ஒட்டி, "சாமிக்கு எடை கிடையாதுலே, பித்தளைக்குத்தான் எடை" என்று சமாதானம் சொன்னார்.

கடைசியில் இரண்டு வண்டிகள் மிஞ்சின. ஒன்று, ஓட்டுபவர் மட்டும் உட்காரும் வண்டி. நானூற்று முப்பது கிலோ. இன்னொன்று, கூரை இல்லாத, இரண்டு பேர் உட்காரும் வண்டி. அறுநூற்றுப் பத்து கிலோ. நான் ஒற்றை ஆள் வண்டிக்கு வாதாடினேன். எடையைச் சொல்லிக் கொடுத்த அண்ணாச்சியோ இரண்டு ஆள் வண்டிதான் வேண்டும் என்று நின்றார். எனக்கு ஆச்சரியம்! அதைவிடக் கோபம்! "அப்படியானால் பக்கத்து இருக்கையையாவது கழற்றிவிடுவோம், அது பதினோரு கிலோ" என்றேன்.

"அதைத் தொடாதலே" என்றார்.

"பின்ன அந்தப் பதினோரு கிலோவை யாரு அண்ணாச்சி குடுப்பா?"

இதைக் கேட்டவன் நான். இந்த வாய்தான் கேட்டது. கௌரிசங்கர் அண்ணாச்சி சாட்சி, நேரக் கணக்கு பார்க்கும் ஷாரோன் சாட்சி. தளவாய் அண்ணாச்சி தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார். "இங்கன இருக்குலே. இருக்கை இருக்கட்டும். பதினோரு கிலோவை நான் குறைச்சுக்கிடுதேன்."

எல்லோரும் சிரித்தோம். இரண்டு ஆள் வண்டியையே வாங்குவது என்று முடிவானது. சிரித்துக்கொண்டே நான் அதைத் தீர்மானமாக எழுதினேன். செயலாளர் அல்லவா! எழுதத்தானே தெரியும் எனக்கு!

அந்த இருக்கை ஏன் வேண்டும் என்பதை அன்று அவர் எங்களிடம் சொன்னார். மதினி, இதுவரை உங்களிடம் யாரும் சொல்லாததை இப்போது சொல்கிறேன். "இருபத்தேழு வருசமா போலீஸ்காரனைத்தாம்லே பக்கத்துல வச்சு ஓட்டிருக்கேன். என் வண்டியில வள்ளி முன் சீட்டுல ஒரு நாளாவது உக்காந்தது உண்டா? ஒரே ஒரு ரவுண்டு, அவளை உக்கார வச்சு ஓட்டணும். இப்பவே சொன்னா வரமாட்டேன்னு ஒத்தக் கால்ல நிப்பா. ஒருத்தனும் மூச்சு விடக்கூடாது, கேட்டியளா?" என்றார். நாங்கள் மூச்சு விடவில்லை. சத்தியம் செய்து கொடுத்தோம், காப்பாற்றினோம். ஐயோ, எவ்வளவு ஒழுங்காகக் காப்பாற்றினோம்!

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மண்டித் தராசில் ஏறி நின்றார். தொண்ணூற்றிரண்டு. சுவரில் நீலச் சாக்கட்டியால் எழுதினேன். எண்பத்தொன்று வந்தால் தீர்மானம் நிறைவேறிவிடும். அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். ஒவ்வொரு ஞாயிறும் எழுதினேன். இரண்டாம் ஞாயிறு மட்டும் எண் அசையவில்லை. பிறகு எண் இறங்க இறங்கக் கை தட்டினேன். அவர் கன்னம் ஒட்டியதை நான் பார்க்கவில்லையா? பார்த்தேன். சட்டை தொளதொளவென்று தொங்கியதைப் பார்க்கவில்லையா? பார்த்தேன். "அண்ணாச்சி, மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டேளே!" என்று கேலி செய்தேன். பாவி!

எண்பத்து மூன்றில் வந்து எண் நின்றுவிட்டது. இன்னும் இரண்டு கிலோதான். அந்த இரண்டு கிலோ இறங்க மறுத்தது. அவர் சோற்றை அடியோடு நிறுத்தினார். எலுமிச்சைச் சாறும் தண்ணீரும் மட்டும் குடித்தார். எலுமிச்சை யாருடையது? என் மண்டியுடையது. நானே பொறுக்கியெடுத்துப் பையில் போட்டுக் கொடுத்தேன். காலையில் ஐந்தருவிச் சாலையில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஓடினார். குற்றாலத்துக்கு ஊரெல்லாம் நனையத்தான் வருகிறது. இந்த மனிதர் மட்டும் ஏன் மழைக்கோட்டு போட்டிருக்கிறார் என்று யாருக்காவது கேட்கத் தோன்றியதா? அது சாரலுக்காகப் போட்டதல்ல. உள்ளே வியர்க்க வேண்டும் என்பதற்காகப் போட்டது. கடைசி ஞாயிறு எண்பத்தொன்று புள்ளி நான்கு. "இன்னும் நானூறு கிராம்தாம்லே" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்த வியாழக்கிழமை காலை ஐந்தருவிச் சாலையில் விழுந்தார். உடம்பில் உப்புச்சத்து வற்றிப்போய் இதயம் நின்றுவிட்டது என்றார் மருத்துவர்.

தண்ணீர் வேண்டாம் ஷாரோன், வை. எனக்கு இன்னும் சொல்ல வேண்டியது இருக்கிறது. மன்றத்துக்கே தெரியாத ஒன்று இருக்கிறது.

இறுதிச் சடங்கு முடிந்து மூன்றாம் நாள் மண்டியைத் திறந்தேன். சுவரில் அந்த நீல எண்கள். அழிக்கக் கை வரவில்லை. என்னிடம் பதினெட்டு வருடமாக எடை போடும் இசக்கிமணி பின்னால் வந்து நின்றார். அவர் முகமே சரியில்லை. "மொதலாளி, ஒண்ணு சொன்னா அடிக்க மாட்டேளே?" என்றார். "மொத நாள் ஏட்டையா ஏறி நின்னப்ப தராசுல சாக்குக் கழிவு போட்டுல்லா இருந்துச்சு."

மண்டி வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மூட்டையை எடை போடும்போது சாக்குக்கும் அழுகலுக்கும் சேர்த்து இரண்டு கிலோ கழிப்போம். ஒவ்வொரு மூட்டைக்கும் கணக்குப் பார்க்கச் சோம்பல்பட்டு, தராசிலேயே அதைக் கழித்து வைத்திருந்தோம். எது ஏறினாலும் இரண்டு கிலோ குறைத்துத்தான் காட்டும். விவசாயிகள் சத்தம் போட்டதால் அந்த வாரமே அதை எடுத்துவிட்டோம். மறு ஞாயிறிலிருந்து தராசு உண்மையைச் சொன்னது. முதல் நாள் மட்டும் பொய் சொன்னது.

புரிகிறதா ஐயா? புரிகிறதா மதினி? அண்ணாச்சி அன்று தொண்ணூற்றிரண்டு இல்லை, தொண்ணூற்று நான்கு! சுவரில் எண்பத்து மூன்று என்று நான் எழுதிய அன்றே அவர் பதினோரு கிலோவையும் கொடுத்து முடித்துவிட்டார்! தீர்மானம் அன்றே நிறைவேறிவிட்டது! அதற்குப் பிறகு மூன்று வாரம் அவர் பட்டினி கிடந்தாரே, அது எதற்காக? ஒரு சாக்குக்காக. ஒரு மனிதனை எலுமிச்சை மூட்டையைப் போல நிறுத்தி வைத்து, கழிவு கழித்து எடை போட்டேன். என் தராசு, என் சுவர், என் சாக்கட்டி, என் எலுமிச்சை! இதற்கு நான் எந்தக் கோயில் வாசலில் போய் நிற்பது? சொல்லுங்கள்! யாராவது சொல்லுங்கள்!

கௌரிசங்கர் அண்ணாச்சி சட்டையைப் பிடித்து இழுக்கிறார். போதும் என்கிறார். போதாது அண்ணாச்சி. நான் பாவமன்னிப்புக் கேட்க இங்கே வரவில்லை.

பதினாறாம் நாள் விசேஷத்தன்று மதினி என்னைக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். "தம்பி, இந்த வயசுல காரு ஒரு கேடான்னு நான் ஒரு நாள் ஏசிப்புட்டேன். அன்னையில இருந்துதான் அவுக என் கையால சாப்பிடல. நான் தேங்காப்பால் ஊத்தி வச்ச சொதியத் தொடாமலே எந்திரிச்சுப் போவாக. எம்மேல உள்ள கோவத்துலயே போயிட்டாக தம்பி" என்றார். நான் என்ன செய்தேன்? தலையைக் குனிந்துகொண்டேன். பதில் எனக்குத் தெரியும். பயந்தேன். உண்மையைச் சொன்னால் இந்த ஊர் என் முகத்தில் முழிக்குமா என்று பயந்து, அந்தப் பழியை அவர் தலையிலேயே விட்டுவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு இந்தப் பத்து நாட்களாக மதினி சரியாகச் சாப்பிடுவதில்லை. காலையில் ஒரு காபி, அவ்வளவுதான். மகள் அபி அழுது பார்த்துவிட்டாள். பாருங்கள் அவரை! நான் இரண்டாவது முறையும் அதே கண்றாவியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவா?

மதினி! அவர் உங்கள் மேல் கோபப்படவில்லை. உங்கள் சொதி வாசம் தாங்காமல்தான் அவசரமாக எழுந்து போயிருக்கிறார். "வள்ளி சொதி வச்சிருக்கா, வீட்டுக்குள்ள இருக்கவே முடியலலே" என்று என் மண்டிக்கு வந்து உட்கார்ந்திருந்தார், வெறும் வயிற்றோடு, ஒரு குழந்தையைப் போலச் சிரித்துக்கொண்டு. உங்களைப் பக்கத்தில் உட்கார வைக்கத்தான் அவ்வளவும். பழி எனக்கு. முழுக்க எனக்கு. அதில் ஒரு கிராம்கூட உங்களுக்குக் கிடையாது.

அவையோரே! இப்படிப்பட்ட கூட்டங்களில் மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று சொல்லிவிட்டுக் கலைவது வழக்கம். எந்தப் பணியைத் தொடர்வது? எடையைக் குறைப்பதையா? எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த உறுதி இரண்டுதான். இனி எங்கள் மன்றத்தில் எந்த மனிதரையும் தராசில் ஏற்ற மாட்டோம். அந்தக் காரின் பக்கத்து இருக்கையில் ஒரு திருகாணியைக்கூட யாரும் தொட மாட்டார்கள். தை மாதம் தளம் திறக்கும்போது ஷாரோன் அந்த வண்டியை ஓட்டுவார். எனக்கு அந்தச் சக்கரத்தைத் தொடும் யோக்கியதை இல்லை, நான் வேலிக்கு வெளியே நிற்பேன். பக்கத்து இருக்கையில் மதினி உட்கார வேண்டும். ஒரு ரவுண்டு. மெதுவாகவே போகட்டும். வரமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்பீர்கள் என்று அண்ணாச்சிக்கே தெரியும். தை வரைக்கும் நில்லுங்கள், நாங்கள் கேட்டுக்கொண்டே இருப்போம்.

ஆனால் அதற்கு நீங்கள் தை வரை இருக்க வேண்டுமே, மதினி!

பின்கட்டில் பந்தி தயாராகிவிட்டது. எல்லோரும் போகலாம், ஆனால் முதல் இலை மதினிக்கு. அபி, அம்மா கையைப் பிடி, தாயி. மதினி, என்னை ஏசுங்கள், அடியுங்கள், இனி உங்கள் வாசல்படி மிதிக்கக்கூடாது என்று சொல்லுங்கள், நான் போய்விடுகிறேன். ஆனால் சாப்பிட்டுவிட்டுச் சொல்லுங்கள். அந்த இருக்கைக்கு உண்டான எடையை அண்ணாச்சி ஏற்கெனவே கொடுத்துவிட்டார், கூடவும் கொடுத்துவிட்டார். நீங்க ஒண்ணும் குடுக்காண்டாம். எந்திரிங்க மதினி. சாப்பிட வாங்க.