பின் சீட் இல்லாத வண்டி

ஷோரூம்காரர்: ...அதனாலதான் சார், டெஸ்ட் டிரைவுக்கு நான் கூட வர முடியாது. இருக்கறதே ரெண்டு சீட்டு. மூணாவது ஆளுன்னா டிக்கியிலதான் போடணும்.

கணவன்: அந்த டிக்கியில ஒரு பை வெச்சாலே மூடாது போலிருக்கே.

ஷோரூம்காரர்: ஸ்போர்ட்ஸ் கார் சார். குட்டியா இருந்தாத்தான் சீறும். இந்தாங்க மேடம், சாவி. ரவுண்டானா வரைக்கும் போயிட்டுத் திரும்பிடுங்க.

மனைவி: சரிங்க. ...நீங்க ஏறுங்க.

கணவன்: இதுல ஏறுறதா? பொத்துன்னு விழணும். ...அம்மாடி, இடுப்பு.

மனைவி: பெல்ட் போடுங்க.

கணவன்: தினம் வேலைக்குப் போக யாராவது இதை வாங்குவாங்களா? நீ பார்க்கறது காது டெஸ்ட் பண்ற வேலை. பேஷண்ட் எல்லாம் ரேஸ்காரின்னு நினைச்சு ஓடப் போறாங்க.

மனைவி: ஓடட்டும். திங்கக்கிழமையிலேருந்து நான் அந்தப் பழைய வண்டியைத் தொட மாட்டேன். இன்னிக்கே முடிவு பண்ணியாகணும்.

கணவன்: வேகத்தடை... வேகத்தடை வருது...

மனைவி: பார்த்துட்டேன்.

கணவன்: அடி தட்டுச்சு பாரு. மழை பேஞ்சா என்ன பண்ணுவே, படகு மாதிரி துழாவிக்கிட்டு வருவியா? அந்த வண்டிக்கு என்ன குறை? பின்னாடி மூணு பேர் கால் நீட்டி உட்காரலாம்.

மனைவி: அதான் குறை.

கணவன்: என்னது?

மனைவி: ஒண்ணுமில்ல. கியர் கொஞ்சம் இறுக்கமா இருக்கு.

கணவன்: ஏன் சும்மா சும்மா கண்ணாடியைப் பார்க்கறே? பின்னாடி யாரும் இல்ல.

மனைவி: பழக்கமாயிடுச்சு.

கணவன்: வண்டி கோட்டைத் தாண்டிப் போகுது பாரு.

மனைவி: ஸ்டீயரிங் அதிருது.

கணவன்: எனக்குத் தெரியாதா? ஓரமா நிறுத்து.

மனைவி: வேண்டாங்க. ஓட்டிக்கிட்டே சொல்லிடறேன். நிறுத்தினா வாயே திறக்காது.

கணவன்: என்ன ஆச்சு?

மனைவி: போன வியாழக்கிழமை. வேலை முடிஞ்சு வண்டியை எடுத்தேன். நல்ல வெளிச்சம்தான். ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டினதும்... பின் சீட்டுக்குக் கீழ யாரோ படுத்திருந்தாங்க.

கணவன்: யாரோன்னா... பார்த்தியா?

மனைவி: பார்க்கல. கேட்டேன்.

கணவன்: என்ன கேட்டே?

மனைவி: மூச்சு.

கணவன்: ஏசி சத்தமா இருக்கும்.

மனைவி: ஏசி போடல.

கணவன்: அப்போ இன்ஜின்...

மனைவி: சிக்னல்ல நின்னா நம்ம வண்டி இன்ஜினைத் தானா அணைச்சிடுமே. பெட்ரோல் மிச்சம்னு நீங்க தேடித் தேடி வாங்கினது. உள்ள சுத்தமா சத்தம் அடங்குச்சு. அப்போ பின்னாடி ஒரு மூச்சு பாதியில நின்னுச்சு.

கணவன்: நின்னுச்சுன்னா?

மனைவி: அடக்கிக்கிட்டாங்க. காது கேக்கலைன்னு நடிக்க வர்றவங்க அப்படித்தான் செய்வாங்க. ஹெட்ஃபோன்ல சத்தம் வந்ததும் மூச்சைப் பிடிச்சுக்குவாங்க. நிஜமாவே கேக்காதவங்க அது பாட்டுக்கு விட்டுக்கிட்டு இருப்பாங்க.

கணவன்: ...பயந்திருப்பே.

மனைவி: கண்ணாடியைப் பார்க்கக்கூட தைரியம் வரல. பார்த்தது தெரிஞ்சா கழுத்துக்கு என்ன வருமோன்னு... பாட்டுப் போட்டேன். கூடவே நானும் பாடினேன். கண்றாவியா.

கணவன்: தெரியும்.

மனைவி: என்ன தெரியும்?

கணவன்: உன் பாட்டு எனக்குத் தெரியாதா? ...அப்புறம்?

மனைவி: பெட்ரோல் பங்க்ல கூட்டம் இருந்துச்சு. நிறுத்திட்டு, தண்ணி பாட்டில் வாங்கற மாதிரி கடைக்குள்ள போய் நின்னுட்டேன். திரும்பி வந்தா பின் கதவு சரியா சாத்தாம கிடந்துச்சு.

கணவன்: ஏன் எங்கிட்ட சொல்லல?

மனைவி: சொல்லத்தான் வீட்டுக்கு ஓடி வந்தேன். நீங்க இல்ல.

கணவன்: அன்னைக்கு... ஆபீஸ்ல மீட்டிங் இழுத்துடுச்சு.

மனைவி: ம். வந்ததும் அப்படித்தான் சொன்னீங்க.

கணவன்: போலீசுக்குப் போகலாம்.

மனைவி: போகலாமா? பங்க்ல கேமரா இருக்கும். யார் இறங்கினாங்கன்னு தெரிஞ்சிடும்.

கணவன்: அது... அதெல்லாம் பாதி வேலையே செய்யாது. நாயா அலைய விடுவாங்க. எவனாவது திருட வந்திருப்பான், விடு.

மனைவி: என் கைப்பை பின் சீட்டுலதான் இருந்துச்சு. தொடக்கூட இல்ல.

கணவன்: நீதான் வியாழக்கிழமையானா லேட்டா வர்றியே. எங்க போறே, யாரைப் பார்க்கறேன்னு எவனோ நோட்டம் விட்டிருப்பான்.

மனைவி: யாரையும் பார்க்கறதில்ல. ஏரிக்கரையில வண்டியை நிறுத்திட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பேன். வியாழக்கிழமை குழந்தைங்களுக்கு டெஸ்ட். நாள் பூரா அழுகையும் பீப் சத்தமும். காதுக்கு ஓய்வு வேணும்ல.

கணவன்: அவ்வளவுதானா?

மனைவி: அவ்வளவுதான்.

கணவன்: ...அதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல.

மனைவி: கேட்டிருக்கலாம்ல. ...ஷோரூம் வந்துடுச்சு. தலை இடிக்கப் போகுது, பார்த்து இறங்குங்க.

ஷோரூம்காரர்: எப்படி இருக்கு மேடம்? சார் என்ன இப்படி வேர்த்துக் கொட்டறாரு? பறந்துட்டீங்களா?

கணவன்: எங்களுக்கு இது சரிப்படாதுப்பா.

ஷோரூம்காரர்: தினசரிக்குக் கொஞ்சம் சிரமம்தான் சார், மறைக்கல. வீட்டுல ஆள் அதிகம்னா பின் சீட் உள்ளதாவே...

மனைவி: நான் இதையே எடுத்துக்கறேங்க. என் சம்பளத்துல, என் பேர்ல. சாருக்குக் கொஞ்சம் தண்ணி கொண்டு வர்றீங்களா?

ஷோரூம்காரர்: இதோ மேடம்.

கணவன்: உனக்கென்ன பைத்தியமா? அவன் மூஞ்சியைக்கூட நீ பார்க்கல. யாருன்னே தெரியாத ஒருத்தனுக்கு பயந்து போய் வண்டியை மாத்துவாங்களா?

மனைவி: யாருன்னு தெரியாதுன்னு நான் எப்பங்க சொன்னேன்? எட்டு வருஷமா பக்கத்துத் தலகாணியில கேக்கற மூச்சு, அன்னிக்கு ராத்திரி மறுபடி கேட்டதும் புரிஞ்சுடுச்சு... இனிமே என்கூட வர்றதுன்னா, என் கண்ணுக்குத் தெரியற மாதிரி பக்கத்துல உட்கார்ந்து வாங்க.