இரண்டு வேளைத் தண்ணீர்

— புதினா போச்சு, மல்லியும் போச்சு. புடுங்கினா வேரெல்லாம் கொழகொழன்னு கையோட வருது. உங்க பொண்ணு வெச்ச தொட்டி நாலும் காலி.

— அட, எங்கிட்டயா பேசற? நாப்பது நாளாச்சும்மா உன் குரலைக் கேட்டு.

— இந்த வீட்ல வேற யாரு இருக்கா? இருந்தவளையும்தான் தொரத்தியாச்சே.

— சரி, இங்க பாரு. தொட்டிக்கு அடியில வெச்ச தட்டெல்லாம் தண்ணி ரொம்பி நிக்குது. நீ ஊத்தினியா?

— காலைல தொட்டிக்கு ஒரு சொம்பு, அவ ஊத்தற மாதிரியே. ஒரு நாள் தப்பல.

— நான் சாயங்காலம் வேலைலேர்ந்து வந்ததும் ஊத்தினேனே. என் மேல இருக்கிற கோவத்துல நீ செடிக்குத் தண்ணி ஊத்தறதில்லன்னு நெனச்சேன்.

— நல்லாருக்கு. ஊரான் வீட்டு அடைப்பெல்லாம் எடுக்கற பிளம்பர் வீட்ல, தண்ணி தேங்கி செடி செத்துப்போச்சு. மண்ணத் தொட்டுப் பாக்கக் கூடாதா?

— நீ பாத்தியாக்கும்?

— பாத்தேன். ஈரமாத்தான் இருந்துச்சு. இருந்தாலும் ஊத்தாம உள்ள வர மனசு வரல.

— எனக்கும் அதேதாம்மா. வெளியூர்ல வேலை கெடச்சிருக்குன்னு எவ்வளவு சந்தோஷமா வந்து சொன்னா. ‘படி எறங்கினா திரும்பி வராத’ன்னுட்டேன். நாக்குல சனி.

— சொன்னது நீங்க. பக்கத்துல பொம்மையாட்டம் நின்னது நான். ‘நீங்களா கூப்பிடற வரைக்கும் நான் பேச மாட்டேன்’னு அழுதுக்கிட்டே போனா.

— கூப்பிட எனக்கு மொகம் இல்லம்மா. நீயாவது தெனம் போன்ல அவகூட பேசறியே, அந்த ஆறுதல்லதான் ரெண்டு வாய் சோறு எறங்குது.

— நானா?

— மறைக்காத. காலைல இந்த பால்கனில நின்னு ‘தூங்கினியாடி, சாப்டியாடி’ன்னு கேக்கறது குளிக்கற ரூம் வரைக்கும் கேக்குது. தொந்தரவு பண்ண வேணாம்னு தண்ணியத் தொறந்து விட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன்.

— அது செடிகிட்டங்க. அவ பேசிக்கிட்டே ஊத்துவால்ல, அந்த மாதிரி. நீங்கதானே சாயங்காலம் பால்கனிக் கதவச் சாத்திக்கிட்டு ‘அப்பா மேலதான் தப்பு, மன்னிச்சுக்கோம்மா’ன்னு சொல்லிட்டிருந்தீங்க? அப்பாவும் பொண்ணும் ராசியாயிட்டாங்க, வாயத் தெறக்காத அம்மாவத்தான் அவளுக்குப் பிடிக்கலபோலன்னு நான் ஒதுங்கி இருந்தேன்.

— நானும் புதினாகிட்டதாம்மா சொல்லிட்டிருந்தேன்.

— அப்போ நாப்பது நாளா அவகிட்ட யாருங்க பேசினா?